செஞ்சோற்றுக்கடனின் மறுபக்கம்

தமிழில் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்றொரு சொல் உண்டு. உண்ட சோற்றுக்கு உயிரையே ஈடாகத் தருதல் என்பது அதன் பொருள். குந்தி வந்து தானே தாய் என்று உரைத்த பின்னரும், துரியோதனனை விட்டு நீங்காமல் களத்தில் மாண்டவன் கன்னன். அதனால் அச்சொல்லோடு அவன் பெயர் பிரிக்க இயலாதவாறு ஒட்டிக்கொண்டது. வகுப்பறையில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. உண்டவனுக்குக் கடன் இருக்கிறது. சோறிட்டவனுக்குக் கடன் இல்லையா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறது பழமொழி. உப்பிட்டவர், தமக்காக உழைத்தவரை எவ்வளவு காலம் நினைக்க வேண்டும் என்று கூறும் பழமொழி எதுவும் நம் செவிக்கு எட்டியதில்லை.

இவ்வினா ஏட்டோடு நின்றுவிடுவதாயின் இம்மலரில் அதனை எழுப்ப வேண்டிய தேவையில்லை. இன்று நமக்குச் சோறிடுவோர் மன்னரும் அல்லர், வள்ளல்களும் அல்லர். வங்கிகள், ஆலைகள், கடைகள், குழுமங்கள் ஆகியவையே இன்றைய புரவலர்கள். மன்னன் மாண்டால் அவன் மகன் அரியணை ஏறுவான். ஆனால் ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தில் கரைந்து, பெயரே இல்லாமல் மறைந்துபோகும்போது, அதில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர் யாருக்குக் கடன்பட்டவர்? அவருக்குப் பட்டிருந்த கடனைத்தான் யார் தீர்ப்பது?

ஒருவர் பணியில் சேரும்போது உண்மையில் இரண்டு ஒப்பந்தங்கள் உருவாகின்றன. ஒன்று, தாளில் எழுதிக் கையொப்பமிடுவது. ஊதியம், பணிநேரம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவை அதில் இருக்கும். மற்றொன்று, எவரும் எழுதாதது. எவரும் வாய்விட்டுச் சொல்லாததுங்கூட. ‘நான் உண்மையாக உழைப்பேன், எனக்கொரு துன்பம் வந்தால் நிறுவனம் என்னைக் கைவிடாது’ என்ற நம்பிக்கையே அந்த இரண்டாம் ஒப்பந்தம். அமெரிக்க அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ், ஆலைகளில் மேற்பார்வையாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே நிலவிய இத்தகைய சொல்லா உடன்பாட்டைக் கண்டு, 1960ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதற்கு ‘உளவியல் ஒப்பந்தம்’ என்று பெயரிட்டார். 1989ஆம் ஆண்டில் டெனிஸ் ரூசோ என்ற பேராசிரியை இக்கருத்தை மேலும் தெளிவாக்கினார். இவ்வொப்பந்தம் பணியாளரின் மனத்தில் இருப்பது. எனவே இருதரப்பும் அதனை ஒரேமாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர் காட்டினார். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் ‘வாக்கு’ என்று நம்பியிருப்பதை மற்றவர் ‘வழக்கம்’ என்று மட்டுமே எண்ணியிருக்கலாம்.

இதனை நம் நாட்டு வங்கிகளின் வரலாற்றில் பொருத்திப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டில் இந்தியாவில் 27 பொதுத்துறை வங்கிகள் இருந்தன. 2020 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் அவை 12 ஆகக் குறைந்தன. மறைந்த வங்கிகளுள் ஒன்றின் கதையை நம் கல்லூரிச் சமூகம் குறிப்பாக அறிந்திருத்தல் நலம். 1906ஆம் ஆண்டில், கடற்கரையை ஒட்டிய சிற்றூராகிய உடுப்பியில், ஹாஜி அப்துல்லா என்ற வணிகப் பெருமகனார் தம் நண்பர்களோடு கூடி ‘கனரா பேங்கிங் கார்ப்பரேஷன்’ என்ற வங்கியைத் தொடங்கினார். தொடக்க மூலதனம் 5,000 ரூபாய். சாதி சமய வேறுபாடின்றி எல்லா மக்களிடத்தும் சிக்கனமும் கூட்டுறவும் வளர வேண்டும் என்பதே நோக்கமென அவர் அறிவித்தார். அதனையே சுதேசியம் என்றும் குறித்தார். அவ்வங்கி 1972இல் கார்ப்பரேஷன் வங்கி எனப் பெயர் மாறியது, 1980இல் நாட்டுடைமையாயிற்று. 2020 ஏப்ரல் 1ஆம் நாள், ஆந்திரா வங்கியோடு சேர்ந்து, யூனியன் வங்கியில் இணைந்து மறைந்தது. நூற்றுப் பதினான்கு ஆண்டுக்காலம் வாழ்ந்த ஒரு பெயர் பலகையிலிருந்து இறங்கியது.

அது நிகழ்ந்த வேளையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச் 31 என்பது வங்கியாளர்களுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். அந்த ஆண்டிலோ மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வீதிகள் வெறிச்சோடிக் கிடக்க, குறைந்த பணியாளரோடு கிளைகள் இயங்கிக்கொண்டிருந்தன. ஒரு மனிதர் ஓய்வு பெற்றாலே மாலை அணிவித்து, இரண்டு சொல் பேசி, வீடு வரை கொண்டுபோய் விடுவது நம் நாட்டு வழக்கம். ஒரு வங்கியே விடைபெற்றபோது கூடி நின்று வழியனுப்ப இயலாத காலமாக அது அமைந்துவிட்டது.

சட்டம் தன் கடமையைச் செய்யவில்லை என்று கூற இயலாது. இணைப்பிற்கென அரசு வெளியிட்ட திட்டத்தில், இணையும் வங்கிப் பணியாளரின் ஊதியமும் படிகளும் முன்பிருந்ததைவிடக் குறையலாகாது என்ற காப்பு இருந்தது. அதற்கும் முன்னரே, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு பிரிவு, நிறுவனம் கைமாறும்போது பணித்தொடர்ச்சி அறுபடாமலும் பணிநிலைமைகள் தாழாமலும் இருக்க வேண்டும். இல்லையேல் இழப்பீடு தர வேண்டும் என வகுத்தது. ஆக, முதல் ஒப்பந்தத்திற்குச் சட்டம் காவல் நிற்கிறது. இரண்டாம் ஒப்பந்தத்திற்குக் காவல் யார்?

நம்மோடு இளங்கலை பயின்ற நண்பர் ஒருவர் வங்கி அலுவலர். எந்த வங்கி என்பது இங்கு வேண்டுவதில்லை. அவர் சேர்ந்த வங்கியும் மற்றொரு பெரிய வங்கியில் இணைந்தது. இணைந்து ஓராண்டு கழிந்தபின் ஒருநாள் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். “சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை பாய். ஆனால் எதுவோ குறைந்துவிட்டது. எது குறைந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் எனக்கு எழுதத் தெரியாது” என்றார். நாம் வற்புறுத்திக் கேட்ட பிறகே சிறிது சிறிதாகச் சொல்லத் தொடங்கினார்.

இருபது ஆண்டுகளாக மார்ச் மாதக் கடைசியில் நள்ளிரவு வரை கிளையில் இருந்தவர் அவர். அதற்கென மிகைநேர ஊதியம் எதுவும் அவர் கேட்டதில்லை. பெருநாளுக்கு விடுப்பு வேண்டும் முஸ்லிம் நண்பருக்காகத் தாம் பணிபார்த்ததும், பொங்கலுக்குத் தமக்காக அந்நண்பர் பணிபார்த்ததும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தந்தை இறந்தபோது மண்டல மேலாளரே வீட்டிற்கு வந்து அமர்ந்திருந்தார். இடமாறுதல் போடுவதற்கு முன் ‘பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது?’ என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். இணைப்புக்குப் பின்னர், மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் வரை இடமாறுதலை ஒத்திவைக்குமாறு விண்ணப்பித்தார். விதியில் இடமில்லை என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. “அவர்கள் சொன்னது சரிதான் பாய். விதியில் இடமில்லைதான். முன்பும் விதியில் இடம் இல்லை. ஆனால் முன்பு இடம் இருந்தது” என்றார் நண்பர். இந்த ஒரு தொடரில் உளவியல் ஒப்பந்தம் பற்றிய ஆய்வு முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

1997ஆம் ஆண்டில் எலிசபெத் மாரிசன், சாண்ட்ரா ராபின்சன் என்னும் ஆய்வாளர்கள் இதில் ஒரு நுட்பமான வேறுபாட்டை எடுத்துக்காட்டினர். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று அறிவு கண்டுகொள்வது ஒன்று. தாம் வஞ்சிக்கப்பட்டோம் என்று உள்ளம் புண்படுவது மற்றொன்று. முன்னது எப்போதும் பின்னதாக முடிவதில்லை. ஏன் தரமுடியவில்லை என்பதை ஒருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார், தம்மை எவ்வளவு நேர்மையாக நடத்தினார்கள் என்று கருதுகிறார் என்பவற்றைப் பொறுத்தே அது அமையும். நண்பருக்கு இடமாறுதல் கொடுத்தது முறிவு. யாரும் ஒரு வார்த்தை கேளாமல் கொடுத்ததே புண். இடமாறுதலைத் தவிர்ப்பது நிருவாகத்திற்கு அரிதாக இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொன்றையும் கவனித்தோம். தமிழ் மொழிக்குரிய சிறப்புகளுள் ஒன்று, தன்மைப் பன்மையில் இரு சொற்கள் இருப்பது. கேட்பவரையும் உள்ளடக்குவது ‘நாம்’. கேட்பவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று முன்னதை இலக்கணம் கூறும். பழைய வங்கியில் சக பணியாளரிடம் பேசும்போது ‘நம்ம பேங்க்’ என்பார்களாம். இணைப்புக்குப் பின், ஒரே கூரையின் கீழ், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்துகொண்டு, ‘எங்கள் வங்கியில் இப்படிச் செய்வதில்லை’, ‘உங்கள் வங்கிக்காரர்களுக்கு இது தெரியாது’ என்று பேசத் தொடங்கினார்களாம். அரசிதழ் அறிவிப்பால் இரண்டு வங்கிகளை ஒரே நாளில் ஒன்றாக்கிவிடலாம். ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ ஆக்குவதற்கு எந்த அறிவிப்பாலும் இயலாது. 1993ஆம் ஆண்டில் நியூ பேங்க் ஆப் இந்தியா, பஞ்சாப் தேசிய வங்கியுடன் இணைந்தபோது, யார் யாருக்கு மூத்தவர் என்ற பணிமூப்பு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணிமூப்பு என்பது வெறும் எண்ணன்று. ‘இத்தனை ஆண்டு காத்திருந்தால் என் முறை வரும்’ என்ற எழுதப்படாத வாக்கு அது.

இணைப்பே தீது என்று நாம் கூற வரவில்லை. 1926இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி நலிவுற்று, 2020 நவம்பர் 17ஆம் நாள் அதன் வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாதவாறு தடை வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு அது இணைக்கப்பட்டது. பங்குதாரரின் முதல் முற்றிலும் அழிந்தது. எனினும் வைப்புத்தொகைகள் காப்பாற்றப்பட்டன. பணியாளரின் வேலையும் தொடர்ந்தது. மூழ்கும் படகிலிருந்து வேறொரு படகிற்கு ஏற்றுவதைக் குறைகூறுவார் எவரும் இரார்.

பழைய வாக்கைப் புதிய நிறுவனம் சுமக்க முடியும் என்பதற்கும் சான்றுண்டு. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943இல் மதுரையில் தோற்றுவித்த மதுரா வங்கி, 2001ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. மதுரா வங்கி சிற்றூர்ப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குக் கடன் தந்து வளர்த்து வந்தது. பெருநகரத்தை மையமாகக் கொண்ட புதிய வங்கி அதனைக் கைவிட்டுவிடும் என்று எண்ணுவதே இயல்பு. ஆனால் அத்திட்டத்தை அவ்வங்கி ஏற்று விரிவாக்கியது. எதைச் சுமப்பது, எதை இறக்கி வைப்பது என்பதெல்லாம் விதியின் விளையாட்டன்று. மனிதர் அமர்ந்து எடுக்கும் முடிவு என்பதை இது காட்டுகிறது.

அம்முடிவு ஏன் பெரும்பாலும் பணியாளருக்கு எட்டுவதில்லை? கணக்கேட்டைப் பார்த்தால் விளங்கும். ஒரு நிறுவனத்தை மற்றொன்று வாங்கும்போது, கொடுத்த விலை அதன் சொத்தின் மதிப்பை விஞ்சினால், அந்த மிகுதியை ‘நற்பெயர்’ என்று கணக்கில் ஏற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத நற்பெயருக்கு ஏட்டில் இடமுண்டு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் பொறுப்புகளின் பக்கத்தில் எழுதப்படும். ஆனால், ‘இவர் இருபது மார்ச் மாதங்கள் நள்ளிரவு வரை இருந்தார், இவருக்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கடன் நமக்கு உண்டு’ என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எழுதப்படாத காரணத்தால் அது இல்லை என்றாகிவிடுகிறது. பின்னர் பணியாளரும் தம் கணக்கை மாற்றிக்கொள்கிறார். எழுதியதை மட்டுமே செய்கிறார். ஐந்து மணி அடித்தால் எழுந்துவிடுகிறார். ‘இப்போது மார்ச் 31 எனக்கு மற்றொரு நாள்தான்’ என்று நண்பரும் சொன்னார். நிறுவனம் இழந்தது இன்னதென்று அதன் ஏடும் காட்டாது.

நம் மார்க்கம் இதற்கு ஒளி காட்டாமல் இல்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கிறது. அதனை அடுத்துவரும் வசனம், எழுதுவாரைக் காணாத பயணத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒருவரையொருவர் நம்பி நடந்துகொண்டால், நம்பப்பட்டவர் இறைவனை அஞ்சித் தம் அமானிதத்தை நிறைவேற்ற வேண்டும் என்ற கருத்தை அங்கே காண்கிறோம். எழுதியதற்கு ஒரு வசனம். எழுதாததற்கு அடுத்த வசனம். இரண்டும் அருகருகே நிற்பதை நாம் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. எழுதாத காரணத்தால் கடன் இல்லாமற் போவதில்லை. அது நம்பிக்கைப் பொருளாக, அமானிதமாக மாறுகிறது. அண்ணலார் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே ‘அல்அமீன்’ எனப் பெயர் பெற்றவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகப் பொருளை அவர்களிடம் ஒப்படைத்துச் சிரியாவுக்கு அனுப்பியதும் அந்த நம்பகத்தன்மையை அறிந்தே.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு சொல். இணைப்பு என்பது வங்கிகளுக்கும் பெருங்குழுமங்களுக்கும் மட்டுமே உரியதன்று. நம் ஊர்க் கடைவீதியிலும் அது நிகழ்கிறது. தந்தையின் துணிக்கடையைப் பிள்ளைகள் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார்கள். இரண்டு பங்காளிகளின் கடைகள் ஒன்றாகின்றன. பதினைந்து வயதில் கடையில் சேர்ந்து, நரை கண்ட ஊழியர் ஒருவர் அங்கே இருப்பார். அவருக்கு நியமன ஆணை என்று ஒரு தாள்கூட இராது. ஆயினும் நோன்புப் பெருநாளுக்குப் புத்தாடை, மகள் திருமணத்திற்கு முதலாளியின் கை, நோயுற்றால் மருத்துவச் செலவு, எல்லாம் கேளாமலே வந்துகொண்டிருந்தன. கடை கைமாறும் நாளில் சரக்கை எண்ணுகிறோம், நிலுவையை எண்ணுகிறோம், மேசை நாற்காலியையும் எண்ணுகிறோம். அந்த ஊழியருக்கு நாம் சொல்லாமல் சொல்லிவைத்த வாக்குகளை எண்ணுகிறோமா? புதிய முதலாளியிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது, ‘இவருக்கு இன்னின்ன செய்துவந்தோம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? கொடுக்க இயலாதவற்றை அந்த ஊழியரை அழைத்து அமரவைத்து, நேரில் சொன்னால் என்ன?

இணைப்பை நடத்துவோர் செய்ய வேண்டியதும் ஏறத்தாழ இதுவே. பெயர்ப்பலகை மாறுமுன், இரு நிறுவனங்களின் பணியாளரையும் கேட்க வேண்டும்: ‘எழுதப்படாத எவற்றை நம்பி இத்தனை காலம் இருந்தீர்கள்?’ அவற்றுள் தொடரக்கூடியவற்றைத் தொடர்வதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தொடர இயலாதவற்றுக்குக் காரணம் கூறி, மாற்றத்திற்குக் காலம் தர வேண்டும். வாக்கைத் தரமுடியாமற் போவதை மனிதர் பொறுப்பர். அப்படியொரு வாக்கே இருந்ததில்லை என்று சாதிப்பதைப் பொறுப்பது கடினம்.

மாணவச் செல்வங்களே! உங்களுட் சிலர் நாளை பணியாளர் ஆவீர்கள்; சிலர் மேலாளர் இருக்கையில் அமர்வீர்கள்; சிலர் பலருக்குச் சோறிடும் முதலாளிகளாகவும் உயர்வீர்கள். பணியாளராகச் செல்வோர், உங்களுக்கு என்ன வாக்கு உண்டு என்பதை நயமாகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேட்பது நன்றியின்மை ஆகாது. மேலாளராக அமர்வோர், விதியில் இடமில்லை என்று எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள். செஞ்சோற்றுக்கடனைப் பற்றி நம் முன்னோர் போதிய அளவு பாடிவிட்டனர். சோறிட்டவனின் கடனுக்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை ஆக்கித் தரும் பொறுப்பு உங்கள் தலைமுறைக்கு எஞ்சியிருக்கிறது. சொல்லை ஆக்குவது எளிது. அச்சொல்லுக்குப் பொருளாக வாழ்ந்துகாட்டுவதே அரிது. அதற்குரிய உள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!